11 வருடம் ஓடிய கேபிளும் 14 மாதத்தில் அறுந்த கேபிளும்

பைக்கில் போகும்போது, முன்னால் போன லாரியைத் தாண்டலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, சரி வேண்டாம் என்று பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். சாலை லேசாக மேடேறியது. வண்டி திணறக் கூடாதே என்று ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினேன். உள்ளங்கையில் 'டிக்' என்று ஏதோ தட்டியது. காதில் விழவில்லை, கையில்தான் தெரிந்தது. அப்புறம் கைப்பிடி அதன் பாட்டுக்குச் சுற்றியது, இன்ஜின் அதன் பாட்டுக்கு ஐட்லிங்கில் ஓடியது. கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டினேன். தாண்டும்போது இது நடந்திருந்தால் என்ற யோசனை வீடு வந்த பிறகுதான் வந்தது.

ஆக்ஸிலேட்டர் கேபிள் அறுவதில் ஒரு நல்லது உண்டு. கேபிள் இழுத்துத் திறப்பது கார்புரேட்டரில் இன்ஜினுக்குப் போகும் காற்றின் வழியை மூடி நிற்கும் ஸ்லைடை. அந்த ஸ்லைடின் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங், கேபிள் விட்ட நொடியில் ஸ்லைடைக் கீழே தள்ளி மூடிவிடும். வண்டி வேகம் குறையும், அவ்வளவுதான். மோசமானது இன்னொன்று. முழுதாக அறாமல் ஓரிரண்டு இழைகள் மட்டும் அறுந்து, அவை அவுட்டருக்குள், அதாவது கேபிளின் வெளிக்குழாய்க்குள், முள்ளாகக் குத்தி நின்றுகொண்டால் ஸ்லைடு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். அப்போது கையை விட்டாலும் இன்ஜின் கத்திக்கொண்டே ஓடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கிளட்சைப் பிடிப்பதும் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்சை அழுத்துவதும்தான். என் கேபிளும் அந்தக் கட்டத்தை ஒரு சில நாட்களாவது கடந்து வந்திருக்க வேண்டும் என்பது பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது.

வீட்டுக்கு 6 கி.மீ. தள்ளிக்கொண்டு போக மனமில்லை. ஸ்லைடு வகை கார்புரேட்டரில் ஐட்லிங் ஸ்க்ரூ செய்யும் வேலை ஸ்லைடைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பதுதான். அந்த ஸ்க்ரூவை உள்ளே திருகத் திருக இன்ஜின் வேகம் ஏறும். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும். முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டு எடுத்து, இரண்டாம் கியரில் உருட்டிக்கொண்டு வந்தேன். நிற்கும்போதெல்லாம் கிளட்சைப் பிடித்தால் இன்ஜின் அலறியது, பக்கத்தில் நின்றவர்கள் நான் வேண்டுமென்றே ரேஸ் செய்கிறேன் என்று முறைத்தார்கள். மேட்டில் கிளட்ச் பிளேட்டுக்குப் பாவம்தான். ஆனாலும் வீடு வந்து சேர்ந்தேன்.

இந்த இடத்தில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த முதல் கேபிள் 11 வருடம், 62,000 கி.மீ. ஓடியது. அது அறவில்லை. இறுகிப்போய் கைப்பிடி திரும்பி வர மறுத்ததால் நானே கழற்றினேன். பதிலுக்குப் போட்ட இரண்டாவது கேபிள், வண்டி செய்த நிறுவனத்தினுடையது அல்ல. அது 14 மாதத்தில் 9,000 கி.மீ.யில் போய்விட்டது. ஆக, தீர்ப்பு எழுதுவது சுலபமாக இருந்தது: மட்டமான சரக்கு. அந்தக் கோபத்தோடுதான், எனக்கு வண்டி வேலை பழக்கிவிட்ட மெக்கானிக் அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அண்ணே, கேபிள் போயிடுச்சு. 14 மாசம்கூட முழுசா வரல. டூப்ளிகேட்டு."

"எங்க அறுந்துச்சு?"

"கைப்பிடி பக்கம். நிப்பிள் ஓரத்துல."

"நிப்பிள் குழியில சுத்துச்சா?"

"கச்சிதமா உக்காந்திருந்துச்சுண்ணே."

"அது சரி தம்பி, சுத்துச்சான்னு கேட்டேன்."

நிப்பிள் என்பது கேபிள் கம்பியின் நுனியில் இருக்கும் சின்ன உலோகக் குமிழ். அது சுற்றியதா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, கைப்பிடியை ஒட்டியிருக்கும் ஸ்விட்ச் அசெம்பிளியைப் பிரிக்கப் போனேன்.

கைப்பிடி ரப்பருக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதன் உள்முனையில் காடி வெட்டிய சின்னச் சக்கரம். அந்தக் காடியின் ஒரு கோடியில் ஒரு குழி, அதற்குள்தான் கேபிளின் நிப்பிள் உட்காரும். அறுந்த நிப்பிளை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. மூக்குக் குறடால் பிடித்து ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க வேண்டியிருந்தது. அப்போதே எனக்கு உறைத்தது. 14 மாதத்துக்கு முன்னால் அதைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளியது நானேதான். 'ஆஹா, ஆட்டமே இல்லாமல் பொருந்துகிறதே, நல்ல கேபிள்' என்று அப்போது மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது. வெர்னியரில் அளந்தேன். பழைய கேபிளின் நிப்பிள் குழியைவிட 0.2 மி.மீ. சிறியது. புதியது குழியின் அளவேதான், கூடவே வார்ப்பின் ஓரத்தில் ஒரு பிசிறு.

அந்த நிப்பிள் ஏன் சுற்ற வேண்டும்? கைப்பிடியை முறுக்கும்போது சக்கரம் சுற்றுகிறது, ஆனால் கேபிள் வெளியே போகும் திசை மாறுவதில்லை. அதனால் நிப்பிளுக்கும் கம்பிக்கும் இடையிலான கோணம் ஒவ்வொரு முறுக்கிலும் மாறும். நிப்பிள் குழிக்குள் தாராளமாகத் திரும்பினால், கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திரும்பாவிட்டால், நிப்பிளை விட்டு வெளியே வரும் அந்த இரண்டு மி.மீ. இடத்தில் கம்பி மடங்கியாக வேண்டும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்போம் இல்லையா, அதே வேலைதான், ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும்.

இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கேபிளின் இன்னர், அதாவது உள்ளே ஓடும் கம்பி, 1.5 மி.மீ. கனம், 19 இழைகள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதையும் சுற்றிப் பன்னிரண்டு. குறுக்கே ஐந்து இழைகள் வரும் என்பதால் ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. இப்படி ஓர் இழை 20 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் வளையும்போது அதன் வெளிப்பக்கம் முக்கால் சதவீதம் நீள்கிறது. அதே இழை நிப்பிள் ஓரத்தில் 5 மி.மீ. ஆரத்தில் மடங்கினால் 3 சதவீதம். உருக்குக் கம்பி நீண்டுவிட்டுப் பழையபடி திரும்புவது ஒரு சதவீதத்துக்குள்தான். அதைத் தாண்டினால் ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியைத் தின்கிறது. எத்தனை மடிப்பு? சராசரி வேகம் மணிக்கு 35 கி.மீ., நிமிடத்துக்குப் பத்து முறை முறுக்குகிறேன் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 9,000 கி.மீ.க்கு ஒன்றரை லட்சம் முறை. முதல் கேபிள் பத்து லட்சத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. கேபிள் நன்றாகச் செய்யப்பட்டதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நிப்பிள் இறுகிய எந்தக் கேபிளும் இந்த ஆட்டத்தில் தோற்கும்.

பூதக்கண்ணாடி வைத்து அறுந்த முனையைப் பார்த்தது இந்த வேலையிலேயே சுவாரசியமான பகுதி. 19 முனைகளும் ஒரே மாதிரி இல்லை. ஏழு இழைகளின் முனை பளபளவென்று, கூம்பு மாதிரி மெலிந்து முடிந்திருந்தது. அவை கடைசி நாளன்று சுமை தாங்காமல் இழுபட்டு அறுந்தவை. மற்ற பன்னிரண்டின் முனையும் கத்தியால் வெட்டியது போலத் தட்டை. அவற்றிலும் பாதி பழுப்பேறி மங்கியிருந்தன. துருப்பிடிக்க நேரம் கிடைத்திருக்கிறது என்றால் அவை அறுந்து நாட்கள் ஆகிவிட்டன என்று அர்த்தம். மடங்கிச் சோர்ந்து அறும் கம்பி மெலியாது, அப்படியே தட்டையாக விட்டுவிடும். ஆக, நான் மேட்டில் முறுக்கிய அன்று என் கேபிள் ஏழு இழையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே? தெரிந்தது. நான்தான் கேட்கவில்லை. அறுவதற்கு முந்தைய மாதத்தில் கைப்பிடியில் பிளே, அதாவது ஸ்லைடு அசையும் முன் கைப்பிடி சும்மா சுற்றும் தூரம், அதிகமானது போலத் தோன்றி, அந்தத் தளர்வை எடுக்கும் திருகான அட்ஜஸ்டரை இரண்டு தடவை சரிசெய்தேன். ஒவ்வொரு இழையாக அறும்போது மிச்சமிருப்பவை கொஞ்சம் கூடுதலாக நீள்கின்றன, நிப்பிள் ஓரத்தில் புரி தளர்ந்து விரிகிறது, அந்த நீளம்தான் பிளேயாகத் தெரிகிறது. நான் என்ன செய்தேன், அட்ஜஸ்டரைத் திருகி அந்த அறிகுறியை அழித்தேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. புதுக் கேபிள் போட்ட முதல் சில நூறு கி.மீ.யில் அவுட்டரின் முனைகள் அதனதன் இடத்தில் நன்றாக உட்காரும்போது ஒரு தடவை பிளே மாறும், அது சகஜம். ஒரு வருடம் அசையாமல் இருந்த கேபிளில் திடீரென்று பிளே கூடினால் அது வேறு கதை.

இரண்டாவது அறிகுறி, ஹேண்டிலை முழுதாக இடப்பக்கம் ஒடித்தால் ஐட்லிங் லேசாக ஏறியது. இதற்குக் காரணம் நான் கேபிளைக் கொண்டுபோன வழி. பழைய கேபிள் ஃபோர்க்குக்குப் பின்னால் ஒரு வளையத்துக்குள் நுழைந்து டேங்குக்கு அடியில் போயிருக்கிறது. டேங்கைக் கழற்றிப் பார்த்தபோது, 11 வருடமாக அது உரசி உரசிப் பெயின்ட் மின்னும் தடம் ஃபிரேமில் அப்படியே இருந்தது. நான் அந்த வளையத்தை விட்டுவிட்டு நேராக விட்டிருந்தேன். சுலபமாக இருந்தது, அதனால்.

இன்னர் இழுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அவுட்டர் அதே அளவுக்குத் தள்ளுகிறது என்பதை நான் வெகுகாலம் யோசித்ததில்லை. இந்த வகைக் கேபிளுக்கு பௌடன் கேபிள் என்று பெயர். எர்னஸ்ட் பௌடன் 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது இதற்குத்தான். சைக்கிள் கம்பெனிக்காரரான ஃபிராங்க் பௌடனோடு இவரைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, இருவரும் வேறு வேறு ஆட்கள். தட்டையான உருக்குக் கம்பியை நெருக்கமாகச் சுருட்டிய குழாய்தான் அவுட்டர். அது நசுங்காமல் நிற்பதால்தான் உள்ளே இருக்கும் கம்பியின் இழுவை மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. ஹேண்டிலை ஒடிக்கும்போது நீளம் போதாமல் அவுட்டர் தன் இடத்தை விட்டு இழுக்கப்பட்டால், கைப்பிடியைத் தொடாமலேயே ஆக்ஸிலேட்டர் கொடுத்தது போலத்தான். ஹேண்டில்பாரை உயரமானதாக மாற்றுபவர்கள் பழைய கேபிளையே இழுத்து மாட்டும்போதும் இதேதான் நடக்கும்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம், கழற்றிய சாமானைத் தூக்கிப்போட மாட்டேன். வீட்டில் திட்டு வாங்கினாலும் பழைய சாமான் டப்பா இரண்டு உண்டு. அதில் தேடியதில் முதல் கேபிள் சுருட்டியபடி கிடைத்தது. இறுகிப்போனது என்று கழற்றியதுதான், ஆனால் ஏன் இறுகியது என்று பார்த்ததே இல்லை. நிப்பிள் ஓரத்தில் பூதக்கண்ணாடி வைத்தேன். 19 இழைகளும் முழுசு. 62,000 கி.மீ.க்குப் பிறகு ஓர் இழைகூடப் போகவில்லை.

உராய்வை அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கேபிளின் ஒரு முனையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டு, மறுமுனையை ஸ்பிரிங் தராசால் இழுத்தேன். அவுட்டர் நேராக இருந்தபோது ஒன்றேகால் கிலோ காட்டியது. ஒரு முழு வட்டமாகச் சுற்றி இழுத்தபோது 3.4 கிலோ. அப்புறம் மண்ணெண்ணெய் விட்டு உள்ளே கழுவினேன். முதலில் வந்தது கறுப்புக் களிம்பு, எண்ணெயும் தூசியும் சேர்ந்து அரைத்த சாந்து மாதிரி. நாலைந்து தடவை கழுவி, காற்றடித்து உலர்த்தி, மறுபடி அதே வட்டத்தில் இழுத்தால் 1.9 கிலோ. நேராகப் பிடித்தபோது இன்னர் தன் எடையிலேயே வழுக்கி விழுந்தது.

கயிற்றைக் கம்பத்தில் சுற்றினால் பிடி கூடுவதற்கு என்ன கணக்கோ அதேதான் இதற்கும். உராய்வு, கேபிளின் நீளத்தைவிட அது மொத்தம் எத்தனை டிகிரி வளைகிறது என்பதைப் பொறுத்தது, அதுவும் கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில். உராய்வுக் கெழு 0.1 என்றால் அரை வட்டத்துக்கு இழுவை 1.37 மடங்கு, முழு வட்டத்துக்கு 1.87 மடங்கு. கெழு 0.2 ஆகிவிட்டால் முழு வட்டத்துக்கு மூன்றரை மடங்கு. என் தராசு காட்டியதும் கிட்டத்தட்ட இதைத்தான். முறுக்கும்போது கை வலிப்பதோடு இது முடிவதில்லை. திரும்பும்போது இழுப்பது ஸ்பிரிங், அதன் பலத்தையும் உராய்வு அதே விகிதத்தில் தின்னும். மூன்றரை மடங்கு உராய்வில் ஸ்பிரிங்கின் பலத்தில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கைப்பிடியை எட்டும். கைப்பிடி சோம்பேறித்தனமாகத் திரும்பியதன் காரணம் அதுதான். கேபிளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அந்தக் களிம்பு எங்கிருந்து வந்தது? நானே ஊற்றியது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கேபிள் வாயில் இன்ஜின் ஆயில் விடுவதை ஒரு சடங்காகவே வைத்திருந்தேன். அவுட்டருக்குள் பிளாஸ்டிக் உறை இல்லாத அந்தக் கால கேபிளுக்கு அது மருந்து. இப்போது வரும் பெரும்பாலான கேபிள்களில் நைலானோ டெஃப்லானோ உள்ளுறையாக இருக்கிறது. அவற்றுக்கு எண்ணெய் பெரிதாகத் தேவையில்லை, கெட்டியான எண்ணெய் தூசியைத்தான் இழுத்து வைத்துக்கொள்ளும். கிரீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் புகுந்துவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரே அடித்துக் கழுவலாம், ஆனால் அது கழுவும் சரக்கு, மசகாக நிற்காது. கழுவிய பிறகு வேண்டுமானால் லேசான சிலிக்கான் ஸ்பிரே. கிரீஸ் வேண்டிய இடம் கேபிளில் ஒன்றே ஒன்றுதான், அது நிப்பிள். அங்கே நான் 11 வருடத்தில் ஒருமுறைகூட வைத்ததில்லை.

ஆக நல்ல கேபிளை நான் களிம்பால் அடைத்துக் கழற்றினேன், அடுத்ததை மடக்கி ஒடித்தேன். மட்டமான சரக்கு என்ற தீர்ப்பில் பிசிறோடு வந்த அந்த நிப்பிளுக்குப் பங்கு உண்டுதான். அதை மூன்று நிமிடம் அரத்தால் தேய்த்திருந்தால் தீர்ந்திருக்கும் என்பதும் உண்மை.

வண்டி நிறுவனத்தின் கேபிள் கைக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல், பழைய அவுட்டரில் புது இன்னர் கம்பி போட்டு நானே ஒரு உபரி கேபிள் செய்து பார்த்தேன். பித்தளை நிப்பிள், 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்த பற்றாசு), ஒரு சால்டரிங் அயர்ன். முதல் முயற்சி படுதோல்வி. பார்க்க அழகாகப் பற்றியிருந்த நிப்பிள், ஒரு இழுப்பில் கம்பியை விட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு தப்பு. கம்பியில் இருந்த எண்ணெயைத் துடைக்கவில்லை. கம்பியை நேராக நுழைத்து அப்படியே ஈயம் வைத்தேன். ஈயம் தானாக அத்தனை சுமை தாங்காது. இழைகளின் நுனியை நிப்பிளுக்குள் பூ மாதிரி விரித்துவிட வேண்டும், ஈயம் அந்தப் பூவைச் சுற்றி உறைந்து ஆப்பு போல நிற்கும். அதற்காகத்தான் நிப்பிளின் துளை ஒரு பக்கம் புனல் போல அகலமாக இருக்கிறது. அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டாம் முறை கம்பியை வெட்டுவதற்கு முன் வெட்டும் இடத்தில் ஈயம் பூசிக்கொண்டேன், புரி பிரியாமல் இருக்க. பெட்ரோலில் துடைத்து, நிப்பிளைக் கோர்த்து, நுனி மூன்று மி.மீ.யை ஊசியால் விரித்து, ஈயம் பற்ற உதவும் ஃபிளக்ஸ் தடவினேன். 25 வாட் அயர்ன் பித்தளையைச் சூடாக்கவே திணறியது, 60 வாட் எடுத்த பிறகுதான் ஈயம் உருகி உள்ளே ஓடியது. இந்த ஈயம் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்து 190-இல் முழுதும் உருகிவிடும், அதனால் கம்பியின் உறுதி போவதில்லை. பொறுமையிழந்து கேஸ் டார்ச்சைக் காட்டி, கம்பி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் மெத்தென்றாகிவிடும், அறுவதற்கு இன்னொரு இடத்தை நாமே செய்துகொடுத்தது போல. துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிக்குச் சாதாரண ஃபிளக்ஸ் பற்றாது, அமில ஃபிளக்ஸ் வேண்டும், வேலை முடிந்ததும் அதைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். என்னுடையது நாகம் பூசிய கம்பி, பிரச்சினையில்லை. முடிந்ததும் அதில் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஓர் இரவு தொங்கவிட்டேன். காலையில் நிப்பிள் நகரவே இல்லை. இருந்தும் அதை வண்டியில் மாட்டவில்லை. உபரியாக சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

புதுக் கேபிள் வந்ததும் முதல் வேலை, குழியைச் சரிசெய்வது. டிரில் பிட்டின் தண்டில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி, கையாலேயே குழியைத் தேய்த்தேன். நிப்பிளைப் போட்டுக் கம்பியை ஆட்டினால் தடையில்லாமல் முகம் திரும்ப வேண்டும், அதே நேரம் குழியை விட்டுக் கழன்றும் வரக் கூடாது. இரண்டு மூன்று முறை தேய்த்துப் போட்டுப் பார்த்துத்தான் நின்றேன். ஒரு பொட்டு லித்தியம் கிரீஸ். கேபிளை ஃபிரேமில் இருந்த பழைய தடத்தின் மேலேயே, வளையத்துக்குள் விட்டுக் கொண்டுபோனேன்.

கார்புரேட்டர் பக்கம் அவசரப்பட்டால் வம்பு. ஸ்லைடில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும், அது ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் உள்ள காடி, கார்புரேட்டர் உள்சுவரில் இருக்கும் சின்ன முளையில் பொருந்த வேண்டும். பொருந்தாமல் மூடியைத் திருகினால் ஸ்லைடு பாதியில் நின்றுவிடும், ஸ்டார்ட் செய்த நொடியில் இன்ஜின் உச்சத்துக்கு ஏறும். அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன், கைப்பிடியை முழுதும் முறுக்கிவிட்டுக் கேட்பேன். ஸ்லைடு அடியில் போய் முட்டும் 'டக்' சத்தம் தெளிவாக வர வேண்டும். ஹேண்டில் நேராக ஒரு தடவை, முழு இடம், முழு வலம். மூன்று நிலையிலும் கையை விட்டதும் அதே 'டக்'. பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினேன். ஐட்லிங் இம்மியும் ஏறவில்லை.

பிளே 4 மி.மீ. வைத்தேன், கைப்பிடி விளிம்பில் அளந்தது. பெரும்பாலான வண்டிகளின் கையேடு 2-லிருந்து 6 வரை சொல்லும். பெரிய மாற்றத்தைக் கார்புரேட்டர் பக்க அட்ஜஸ்டரில் செய்துவிட்டு, கைப்பிடிப் பக்க அட்ஜஸ்டரை நுண்ணிய திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். கடைசியாக, லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி எழுதிவைத்தேன். இரண்டரை மரை. பிளே கூடி, நான் மறந்துபோய் அட்ஜஸ்டரைத் திருகினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் காலத்தில் போய்க் கேபிளோடு மல்லுக்கட்டுகிறாயே, எல்லாம் எலக்ட்ரானிக் ஆகிவிட்டதே என்று ஒரு நண்பர் கேலி செய்தார். யமஹா 2006-இல் ஆர்6 வண்டியில் எலக்ட்ரானிக் த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர்) கொண்டுவந்தபோதுகூட, கைப்பிடியிலிருந்து சென்சார் வரை கேபிள்தான் போனது என்று சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

மூன்றாவது கேபிள் போட்டு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது, 14,000 கி.மீ. ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஸ்விட்ச் அசெம்பிளியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, நிப்பிளை வெளியே எடுத்து, துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, கிரீஸ் வைத்து மூடுகிறேன். கால் மணி நேர வேலை. 5,000-இல் பிளே 4.5, அப்போது ஒருமுறை சரிசெய்து மூன்று மரை ஆனது. 10,000-இல் 4. போன வாரம் பார்த்தபோதும் 4, மூன்று மரை, 19 இழை. ஃபோர்க்குப் பக்கத்தில் மட்டும் அவுட்டரின் பிளாஸ்டிக் தோல் லேசாகத் தேய்ந்திருந்தது. அங்கே பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிவிட்டேன். டூல் பையில் ஒயரிங் கனெக்டரிலிருந்து கழற்றிய ஒரு பித்தளைத் துண்டும் இருக்கிறது. நிப்பிள் போய்விட்டால் கம்பி நுனியை அதன் துளைக்குள் விட்டு ஸ்க்ரூவை இறுக்கி, தற்காலிக நிப்பிளாக வைத்துக்கொள்ளலாம். குழிக்குள் போகுமா என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். போகிறது, சுற்றவும் செய்கிறது.